உப்பும் சீனியும் சேர்ந்து திறக்கும் கதவு

உருளைக்கிழங்கு ஞாபகம் இருக்கா? ஸ்கூல் லேபில் தோலைச் சீவி, நடுவில் குழி தோண்டி, குழிக்குள் சர்க்கரைக் கரைசலை ஊற்றி, கிழங்கைத் தண்ணீர்த் தட்டில் வைத்து, குண்டூசியால் மட்டத்தைக் குறித்துவிட்டு பெல் அடிக்கும்வரை காத்திருப்போமே, அதுதான். கொஞ்ச நேரத்தில் குழிக்குள் மட்டம் ஏறியிருக்கும். ரெக்கார்ட் நோட்டில் 'சவ்வூடு பரவல்' என்று தலைப்பு எழுதி, படம் வரைந்து, மிஸ்ஸிடம் கையெழுத்து வாங்கினால் சோலி முடிந்தது. பயாலஜிக்கும் நமக்கும் இருந்த உறவும் அதோடு முடிந்தது என்று நினைத்துத்தான் இன்ஜினியரிங் பக்கம் வந்தோம்.

நான் கெமிக்கல். எங்களுக்கு மாஸ் டிரான்ஸ்ஃபர் என்று ஒரு பேப்பர் உண்டு. அதன் ஆரம்பத்திலேயே ஃபிக் விதி வந்துவிடும். அடர்த்தி அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குப் பொருள் எவ்வளவு வேகமாகப் போகும் என்று கணக்குப் போடும் விதி. சீனியர்கள் தொடங்கி கெமிக்கல் பிளான்ட்வரை எல்லோரும் புழங்குவது. இந்த ஃபிக் யார் தெரியுமா? இன்ஜினியரே இல்லை. ஜெர்மன் டாக்டர், உடலியங்கியல்காரர். 1855-ல் அவர் இதை எழுதினார். உடம்பைப் பற்றி யோசித்த ஒரு ஆள் எழுதியதை நாம் தொழிற்சாலைக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். இந்தக் கட்டுரையில் நான் அதைத் திரும்ப உடம்புக்கே கொண்டுபோகப் போகிறேன். அதற்கு எனக்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது. அது கொஞ்ச நேரத்தில் வரும், பொறுங்க.

முதலில் சுவர். ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் இருக்கும் சவ்வின் கொழுப்புப் படலம் சுமார் 5 நானோமீட்டர் தடிமன். நம் நோட்டின் ஒரு தாள் 0.1 மில்லிமீட்டர் என்று வைத்தால், அந்த ஒரு தாளின் உயரம் வர இருபதாயிரம் படலங்களை அடுக்கவேண்டும். பாஸ்போலிப்பிடு என்ற மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலை, இரண்டு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு ஆகாது. அதனால் இரண்டு வரிசையும் வாலை உள்பக்கம் மறைத்துக்கொண்டு, தலையை வெளியே நீட்டி நிற்கும். இதை யாரும் கட்டவேண்டியதில்லை. தண்ணீரில் போட்டால் தானாகவே அப்படித்தான் சேரும்.

இது இரண்டு வரிசைதான் என்று கண்டுபிடித்த கதை நம்ம லேப் கதை மாதிரியே இருக்கும். 1925-ல் நெதர்லாந்தில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் ரத்தச் சிவப்பணுக்களை எடுத்துக்கொண்டார்கள். நல்ல தேர்வு. பாலூட்டிகளின் சிவப்பணுவுக்குள் நியூக்ளியஸ் கிடையாது, வேறு சவ்வும் கிடையாது. கிடைக்கிற கொழுப்பெல்லாம் வெளிச்சவ்வில் இருந்ததுதான். அசிட்டோனால் கொழுப்பைப் பிரித்து, தண்ணீர்மேல் ஒற்றைப் படலமாகப் பரப்பி, பரப்பளவை அளந்தார்கள். அணுக்களின் மொத்தப் பரப்பைப்போல இரண்டு மடங்கு வந்தது. ஆக, இரண்டு அடுக்கு. பின்னால் வந்தவர்கள் சரிபார்த்தபோதுதான் தெரிந்தது, அசிட்டோன் எல்லாக் கொழுப்பையும் எடுக்கவில்லை. சிவப்பணுவின் பரப்பையும் அவர்கள் குறைத்தே கணக்கிட்டிருந்தார்கள். இரண்டு பிழையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சரியான விடை வந்துவிட்டது! வைவாவில் இதைச் சொன்னால் எக்ஸ்டர்னல் சிரிப்பார் என்பதற்கு மட்டும் நான் கேரண்டி தர முடியாது.

இந்தக் கொழுப்புச் சுவரை ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் சுலபமாகக் கடக்கும். அவற்றுக்கு ஃபிக் விதியே போதும். ஆனால் சோடியம்? மின்னூட்டம் உள்ள சோடியம் அயனி தன்னைச் சுற்றி எப்போதும் தண்ணீர் மூலக்கூறுகளைக் கூட்டிக்கொண்டே திரியும். அதற்கு இந்தக் கொழுப்பு கிட்டத்தட்ட மூடின சுவர். குளுக்கோஸுக்கும் அப்படித்தான். அவை உள்ளே போகவேண்டுமானால் கதவு வேண்டும். அந்தக் கதவுகள்தான் சவ்வுக்குள் பதிந்திருக்கும் புரதங்கள். கொழுப்பு என்பது ஓடும் திரவம், அதில் புரதங்கள் மிதக்கின்றன என்ற இன்றைய படத்தை 1972-ல் சிங்கரும் நிக்கல்சனும் கொடுத்தார்கள்.

கதவுகளில் பல ரகம். தண்ணீருக்கென்றே அக்வாபோரின் என்று ஒரு குழாய் இருக்கிறது. அதைக் கண்டறிந்ததற்கு பீட்டர் ஆக்ரே 2003-ல் நோபல் வாங்கினார். அடுத்தது சோடியம்-பொட்டாசியம் பம்ப். ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். இதற்கு ஏடிபி செலவாகும். நாம் ஒரு வேலையும் செய்யாமல் படுத்துக்கிடக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தப் பம்புக்கே போகிறது. அது இடைவிடாமல் இறைப்பதால் செல்லுக்கு வெளியே சோடியம் எப்போதும் அதிகம், உள்ளே குறைவு. உள்பக்கம் மின்னழுத்தமும் எதிர்மறை. சும்மா ஒரு கணக்கு: நரம்பு செல்லில் இது சுமார் 70 மில்லிவோல்ட். 5 நானோமீட்டருக்குக் குறுக்கே 70 மில்லிவோல்ட் என்றால் மீட்டருக்கு 1 கோடியே 40 லட்சம் வோல்ட். காற்றில் தீப்பொறி பறக்க மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் போதும். ட்ரிப்பிள்-ஈ நண்பர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கலாம்.

ஆக வெளியே நிற்கும் சோடியத்துக்கு உள்ளே விழத் துடிப்பு. மேட்டில் தேக்கிய தண்ணீர் மாதிரி. கதவு ஒன்று கிடைத்தால் போதும், பாயும்.

இப்போது கட்டுரையின் முக்கியமான கதவுக்கு வருகிறேன். பெயர் எஸ்ஜிஎல்டி-1. சிறுகுடலின் உள்சுவர் செல்களில் இருக்கிறது. இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்து உட்கார்ந்தால்தான் இது வேலை செய்யும். ஜெயில் சீன்களில் பார்த்திருப்பீங்க, வெளிக்கதவைப் பூட்டினால்தான் உள்கதவைத் திறப்பார்கள். அதே ஏற்பாடு. குடல் பக்கம் திறந்து ஆட்களை ஏற்றிக்கொள்ளும், மூடும், செல்லுக்குள் திறக்கும். சோடியம் மேட்டிலிருந்து இறங்கும் வேகத்தில் குளுக்கோஸையும் இழுத்துக்கொண்டு போகிறது. குளுக்கோஸ் இல்லாவிட்டால் சோடியத்துக்கு இந்த வழி கிடையாது, சோடியம் இல்லாவிட்டால் குளுக்கோஸுக்கு இல்லை. (உங்க வீட்டில் யாராவது சுகருக்கு 'கிளிஃப்ளோசின்' என்று முடியும் மாத்திரை போடுகிறார்களா? இதே குடும்பத்தில் இன்னொரு கதவு சிறுநீரகத்தில் இருக்கிறது. அந்த மாத்திரை அதைப் பூட்டி, சர்க்கரையை யூரினில் போகவிடுகிறது.)

தண்ணீர் எங்கே வந்தது என்கிறீர்களா? நம் உடம்பில் தண்ணீரை நேரடியாகத் தள்ளும் பம்ப் என்று ஒன்று கிடையாது. தண்ணீருக்குச் சொந்தப் புத்தி இல்லை. உப்பும் சர்க்கரையும் எந்தப் பக்கம் சேர்கிறதோ, அந்தப் பக்கம் சவ்வூடு பரவலில் பின்னாலேயே போகும். அதே உருளைக்கிழங்கு. நம் குடலுக்குள் ஒரு நாளைக்குச் சுமார் 9 லிட்டர் திரவம் வருகிறது. நாம் குடிப்பது 2 லிட்டர் என்றால் மீதி 7 லிட்டர் எச்சில், வயிற்று அமிலம், பித்தம் என்று உடம்பே ஊற்றுவது. அதில் கால் லிட்டர்கூட வெளியே போவதில்லை, எல்லாம் திரும்ப உறிஞ்சப்படுகிறது.

இந்தக் கணக்கு தப்பினால்தான் வயிற்றுப்போக்கு. காலரா அதன் உச்சம். காலரா கிருமியின் நச்சு குடல் செல்லுக்குள் ஒரு சுவிட்சை 'ஆன்' நிலையிலேயே பூட்டிவிடுகிறது. குளோரைடு வெளியேறும் கதவு திறந்தபடியே நிற்கிறது. குளோரைடு கொட்டுகிறது, சோடியம் பின்னால் போகிறது, தண்ணீர் அதன் பின்னால். மோசமான கேஸில் மணிக்கு ஒரு லிட்டர்வரை போகும். காலையில் நடமாடிய ஆள் சாயங்காலம் இருக்கமாட்டார்.

இந்த இடத்தில் பழைய தர்க்கம் என்ன சொன்னது? ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றி என்ன பிரயோஜனம், வாய்வழி கொடுப்பது எல்லாம் கீழே போகும். நரம்பில் சலைன் ஏற்றுவதுதான் வழி. டாக்டர்களே இப்படி நினைத்தார்கள். ஊர்ப்புறத்தில் அதே தர்க்கம் இன்னும் ஒரு படி போய், 'தண்ணியே குடுக்காதே' ஆனது.

ஆனால் குடம் முழுக்க ஓட்டையில்லை. கொட்டுகிற கதவு வேறு, உறிஞ்சுகிற கதவு வேறு. காலரா நச்சு எஸ்ஜிஎல்டி-1-ஐத் தொடுவதே இல்லை. வாந்திபேதி உச்சத்தில் இருக்கும்போதும் அந்தக் கதவு, ரெண்டு சோடியம் ஒரு குளுக்கோஸ் வராதா என்று காத்துக்கொண்டேதான் நிற்கிறது. வெறும் உப்புத்தண்ணீர் கொடுத்தால் அது திறக்காது. உப்பையும் சர்க்கரையையும் சரியான அளவில் கலந்து கொடுத்தால் திறக்கும், தண்ணீர் பின்னால் வரும். எனக்குத் தெரிந்து மாஸ் டிரான்ஸ்ஃபரில் இதைவிட அழகான ஒரு பிராப்ளம் கிடையாது.

இதன் தேதிகளைக் கொஞ்சம் கவனிங்க. 1953-லேயே கொல்கத்தாவில் ஹேமேந்திர நாத் சாட்டர்ஜி என்ற டாக்டர் 186 காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழி கொடுத்துப் பார்த்து 'லான்செட்' இதழில் எழுதினார். அது ஏன் வேலை செய்கிறது என்று சொல்ல அப்போது யாரிடமும் அறிவியல் இல்லை. பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. 1960-ல் பிராக் நகரில் நடந்த கூட்டத்தில் ராபர்ட் கிரேன், சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாகக் குடல் சவ்வைக் கடக்கின்றன என்று விளக்கினார். அவருக்குக் காலரா பற்றிய எண்ணமே இல்லை, சர்க்கரை எப்படி உறிஞ்சப்படுகிறது என்பதுதான் அவர் கவலை. 1968-ல் டாக்காவில் நாலினும் கேஷும் காலரா நோயாளிகளிடம் முறையாகச் சோதித்து, வாய்வழிக் கரைசலால் சலைன் தேவை பெருமளவு குறைவதைக் காட்டினார்கள்.

1971. வங்கதேசப் போர். எல்லை தாண்டி லட்சக்கணக்கில் அகதிகள். மேற்கு வங்கத்தின் போங்காவில் காலரா. ஆஸ்பத்திரித் தரையெல்லாம் நோயாளிகள், சலைன் தீர்ந்துகொண்டே வருகிறது. டாக்டர் திலீப் மஹாலனோபிஸ் துணிந்து ஒரு முடிவு எடுத்தார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. இதைப் பொட்டலம் கட்டி, டிரம்மில் கரைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். அம்மாவோ அண்ணனோ டம்ளரில் மொண்டு மொண்டு கொடுத்தார்கள். 30 சதவீதம் அளவில் இருந்த இறப்பு, அவர் பொறுப்பில் இருந்தவர்களிடம் 3.6 சதவீதமாக இறங்கியது. டாக்டர் இல்லாமலேயே வீட்டு ஆட்கள் இதைச் செய்ய முடியும் என்பதற்கு அதுதான் பெரிய ஆதாரம். அவர் 2022-ல் காலமானார். அடுத்த வருஷம்தான் பத்மவிபூஷண் அறிவித்தார்கள்.

1978-ல் லான்செட் தலையங்கம், சோடியமும் குளுக்கோஸும் இணைந்து கடக்கின்றன என்ற அந்தக் கண்டுபிடிப்பு இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாகவே இருக்கலாம் என்று எழுதியது.

1976-ல் எங்க அப்பத்தாவின் மூத்த பையன் இறந்துபோனான். சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம். இரண்டரை வயசு. எனக்குப் பெரியப்பாவாக இருந்திருக்கவேண்டியவர். வாந்திபேதி. ஒரு ராத்திரி, ஒரு பகல், அவ்வளவுதான். வயிற்றால் போகிற பிள்ளைக்குத் தண்ணி காட்டாதே என்று அப்பத்தாவின் மாமியார் சொன்னார், அக்கம்பக்கமும் அதையே சொன்னது. பிள்ளை பானையைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டே இருந்ததாம். அப்பத்தா துணியை நனைத்து உதட்டில் மட்டும் தடவியிருக்கிறார். பஸ்ஸுக்குத் தூக்கிக்கொண்டு நடந்தபோதே முடிந்துவிட்டது. வீட்டில் யாரும் இதைப் பேசுவதில்லை. ஆனால் யாருக்குக் காய்ச்சல், தலைவலி என்றாலும் அப்பத்தா ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துவிடுவார். எனக்கு விவரம் தெரியும்வரை அது ஏதோ சாங்கியம் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன பொங்கல் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது அத்தை பேரனுக்கு வயிற்றால் போனது. நர்ஸம்மா ஓஆர்எஸ் பாக்கெட்டும் ஜிங்க் மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போனார். நான் பாட்டிலில் அளந்து கலக்கிக்கொண்டிருந்தேன். பிள்ளை சங்கில் ஊற்ற ஊற்றக் குடித்தது. மறுநாள் முற்றத்தில் ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டே அப்பத்தா கேட்டார்:

"ஏத்தா, அந்தத் தண்ணியக் குடுத்திருந்தா எம்புள்ள பொழச்சிருப்பானா?"

இந்தக் கேள்வியை எந்த செமஸ்டரிலும் கேட்டதில்லை. 'இல்லை அப்பத்தா, விதி' என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். அது பொய். 'பிழைத்திருப்பான்' என்று சொன்னால் அது ஐம்பது வருஷம் கழித்து ஒரு தாய் தலையில் கல்லைத் தூக்கிப் போடுவது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வெறும் தண்ணீர் கொஞ்சம் தாங்கும், ஆனால் அது மட்டும் போதாது. உப்பும் சீனியும் சேர்ந்து போனால்தான் குடல் தண்ணீரைப் பிடிக்கும். அது பெரிய பெரிய டாக்டர்களுக்கே அப்போதுதான் தெரியவந்தது, அதுவும் டாக்காவிலும் கல்கத்தாவிலும். "நம்ம ஊருக்கு வந்து யாரும் சொல்லல அப்பத்தா."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "உப்பும் சீனியும் வீட்டுலதான இருந்துச்சு" என்றார். "வயக்காட்டுக்குக் கஞ்சி கொண்டு போவோம்ல, அதுலயும் உப்புப் போட்டுத்தான் கொண்டு போவோம்."

அவர் சொன்னதில் இருந்த கெமிஸ்ட்ரி சரி. அரிசிக் கஞ்சியின் மாவுச்சத்து குடலில் உடைந்து குளுக்கோஸாகத்தான் மாறும். அரிசியில் செய்த ஓஆர்எஸ்ஸே உண்டு, காலராவில் நன்றாக வேலை செய்கிறது. அதை நான் அன்றைக்கு அவரிடம் சொல்லவில்லை.

கடைசியில், "எத்தன கரண்டி?" என்று கேட்டார். சொன்னேன். திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். மறுநாள் காலையில் வாசலில் பக்கத்து வீட்டு மருமகளிடம், "லிட்டருக்கு ஆறு சீனி, அரை உப்பு, தலைதட்டி" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது அடுப்படிவரை கேட்டது.

சரி, நம்ம ஹாஸ்டலுக்கு வருவோம். மெஸ் சாப்பாடு ஒத்துக்காத வாரம் எல்லா வருஷமும் வரும். அப்போது எங்க விங்கில் பார்ப்பது இரண்டு காட்சி. ஒருத்தி முழுப் பாக்கெட்டையும் ஒரு டம்ளரில் கரைத்து மடக்கென்று குடிப்பாள், சீக்கிரம் சரியாகுமாம். இன்னொருத்தி கூல் டிரிங்ஸ் வாங்கி வைத்திருப்பாள், அதிலும் சுகர் இருக்கே என்று. இரண்டுமே உருளைக்கிழங்கு கதைதான். குடலுக்குள் கரைசல் ரத்தத்தைவிடத் திக்காக இருந்தால், தண்ணீர் உள்ளே வராது, உள்ளே இருக்கும் தண்ணீரும் குடலுக்குள் இழுக்கப்படும். போக்கு அதிகமாகும். 2002-ல் உலக சுகாதார நிறுவனம் பழைய ஃபார்முலாவையே மாற்றி, மொத்தச் செறிவை 311-லிருந்து 245 மில்லிஆஸ்மோலாகக் குறைத்தது. புதியதில் சோடியம் 75, குளுக்கோஸ் 75, சரிக்குச் சரி. கடையில் டெட்ரா பேக்கில் ஓஆர்எஸ் என்ற பெயரோடு விற்ற இனிப்பு பானங்களில் இந்தக் கணக்கு இல்லை. அந்தப் பெயரைப் பானங்களின் லேபிளில் போடக்கூடாது என்று எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவு போட்டதே 2025 அக்டோபரில்தான். வாங்கும்போது 'உலக சுகாதார நிறுவன ஃபார்முலா' என்று பாக்கெட்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்க.

பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு. உங்க பாட்டில் எத்தனை லிட்டர் என்று அடியில் போட்டிருக்கும், பார்த்துக் கலக்குங்க. 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டும் உண்டு, மாற்றிக் கலக்கிவிடாதீங்க. பாக்கெட் கிடைக்காத ராத்திரியில், காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலைதட்டிய டீஸ்பூனால் ஆறு சீனி, அரை உப்பு. ருசி பார்த்தால் கண்ணீரைவிட உப்பாக இருக்கக்கூடாது. வாந்தி வந்தால் பத்து நிமிஷம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாகத் திரும்பக் கொடுங்க. ரத்தம் கலந்து போனாலோ, ஆறேழு மணி நேரமாக யூரின் போகாவிட்டாலோ, கூப்பிட்டால் மந்தமாகப் பார்த்தாலோ, கலக்கிக்கொண்டிருக்காமல் வார்டனை எழுப்பி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க, போகும் வழியிலும் கொடுத்துக்கொண்டே போங்க. கலக்கி 24 மணி நேரம் ஆனதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கணும்.